வீதியும் கோயில்தான்

எங்கள் ஊரில் என்னை அறியாதவர்களுக்கும் நான் சொன்ன ஒரு வசனம் தெரியும். “வீதியும் கோயில்தான்.” கரம் பலகையில் காய் அடித்து விளையாடுகிறவர்கள், எதிராளியின் கை கோட்டைத் தாண்டினால் இதைச் சொல்லித்தான் பிழை பிடிப்பார்கள். சந்தையில் ஒருவன் மற்றவனுடைய இடத்துக்குள் அரையடி தள்ளி வெங்காயச் சாக்கை வைத்தாலும், “தம்பி, வீதியும் கோயில்தான்” என்று எங்கேயோ இருந்து ஒரு குரல் வரும். முதலில் சொன்னவர் யார் என்று பலருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நுணல் கெட்டது பாம்பிடம். நான் கெட்டது ஒரு தேர்தலில்.

நான் தோட்டக்காரன். வெங்காயம், கோவா, கொஞ்சம் புகையிலை. பள்ளிக்கூடம் பத்தாம் வகுப்போடு என்னை விட்டுவிட்டது. நான் சொற்களை விடவில்லை. சுன்னாகம் சந்தையில், பஸ்ஸில், செத்தவீட்டுப் பந்தலில், யார் நல்லதாக ஒரு வார்த்தை சொன்னாலும் அதை மடியில் முடிந்துகொண்டு வீட்டுக்கு வந்துவிடுவேன். அடுத்த நாள் அதை வேறொருவருக்குச் சொல்லாவிட்டால் சோறு இறங்காது. அப்படியே பழகி, நாளடைவில் சொந்தமாகவும் ஒன்றிரண்டு அவிழ்த்துவிடத் தொடங்கினேன். அதில் ஒன்றுதான் இது.

அது பிறந்தது தேர்தலுக்கு இரண்டு வருடம் முந்திய திருவிழாவில். தேரன்று எங்கள் கோயில் மதிலைச் சுற்றிய மணல் வெளிவீதியில் கால் வைக்க இடமில்லை. நான் தொண்டர். தோளில் துவாய், வாயில் அதிகாரம். எங்கள் ஒழுங்கைச் சந்தில் குடியிருக்கிற ஓட்டோக்காரத் தம்பி, வாளி நிறையத் தம்ளர்களைத் தூக்கிக்கொண்டு தண்ணீர்ப்பந்தலுக்கு வந்தான். அவனுக்கு முந்திய கிழமைதான் பெண்குழந்தை பிறந்திருந்தது. எங்கள் பக்கத்தில் வீட்டில் பிள்ளை பிறந்தாலும் துடக்கு, சாவு விழுந்தாலும் துடக்கு. முப்பத்தொரு நாளைக்குக் கோயிலை மிதிக்கக்கூடாது.

“தம்பி, உனக்குத் துடக்கெல்லே?” என்றேன்.

“ஓமண்ணை. நான் உள்ளுக்கை வரேல்லை. வீதியிலைதானே நிக்கிறன்.”

அவன் சொன்னதில் நியாயம் இருந்தது. ஆனால் சுற்றி நாற்பது ஐம்பது பேர் நின்றார்கள். எல்லாரும் என் வாயைப் பார்த்தார்கள். ஆள்கள் வாயைப் பார்த்தால் எனக்கு வசனம் வந்துவிடும். அது ஒரு வியாதி.

“வீதியும் கோயில்தான் தம்பி. துடக்கெண்டால் துடக்குத்தான்.”

சனம் கொல்லென்று சிரித்தது. அவன் வாளியை நின்ற இடத்திலேயே வைத்துவிட்டுத் திரும்பினான். ஒரு தம்ளர் உருண்டு வந்து என் காலடியில் நின்றது. அதை அவனிடம் எடுத்துக் கொடுக்க எனக்குத் தோன்றவில்லை. அடுத்த நாளே அந்த வசனம் ஊர் முழுக்கப் போய்விட்டது. எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

இனித் தேர்தல் கதைக்கு வருகிறேன்.

பிரதேச சபைத் தேர்தலில் என் மனைவி நிற்பாள் என்று நானும் நினைக்கவில்லை, அவளும் நினைக்கவில்லை. வேட்பாளர் பட்டியலுக்குப் பெண்கள் காணாது என்று சொல்லிக்கொண்டு ஒரு சுயேச்சைக் குழுக்காரர் எங்கள் வாசல் படலைக்கு வந்தார்கள். நான், “அவவுக்கு உதெல்லாம் தெரியாது” என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் குசினியிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்து, “எங்கை கையெழுத்து வைக்கிறது?” என்றாள்.

அவளுக்கு ஒரே ஒரு காரணம். எங்கள் ஒழுங்கை முகப்பில் இருந்த மதகு இடிந்து தூர்ந்துபோய் வருடக்கணக்கு. மாரி தொடங்கினால் ஒழுங்கை குளம். பள்ளிக்கூடப் பிள்ளைகள் சப்பாத்தைக் கையில் பிடித்துக்கொண்டு முழங்கால் தண்ணீரில் போவார்கள். ஒருமுறை ஒரு கர்ப்பிணிப் பெண்ணைக் கதிரையில் வைத்து நாலுபேர் தூக்கிக்கொண்டு போய்த்தான் வாகனத்தில் ஏற்றினார்கள். அது வேறு யாருமில்லை, அந்த ஓட்டோக்காரத் தம்பியின் மனைவிதான். என் மனைவி அந்த மதகுக்காகச் சபைக்கு எழுதாத கடிதமில்லை.

“எழுதி எழுதிக் கை தேஞ்சு போச்சு” என்று கூட்டங்களில் சொல்லுவாள். “இனி நானே அங்கை கதிரையிலை இருந்து, எனக்கு நானே கடிதம் எழுதி, நானே பதில் போடுறன்.” சனத்துக்கு அது பிடித்துவிட்டது. வசனம் அடிக்க என்னிடம்தான் படித்தாள் என்று நான் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

எங்கள் வட்டாரம் சின்னது. போன முறை வென்றவர் கையில் எண்ணக்கூடிய வாக்குகளால்தான் வென்றவர். அதில் என் தகப்பன் வழிச் சனம் ஓர் ஒழுங்கை நிறைய. வாழ்நாளில் ஒருவரோடொருவர் வேலிச் சண்டை பிடிக்காதவர்கள் இல்லை. ஆனாலும் தான் ஆடாவிட்டாலும் தசை ஆடும் என்று எல்லாரும் இவளுக்கே போடுவதாகச் சொல்லிவிட்டார்கள். அந்த ஒழுங்கை வந்தால் வெற்றி, வராவிட்டால் இல்லை. கணக்கு அவ்வளவு வெளிப்படையானது.

வழக்கமாக எங்களுக்கு வாக்குச்சாவடி பள்ளிக்கூடம். அந்த முறை பள்ளிக்கூடக் கூரையைக் கழற்றிவிட்டார்கள், திருத்த வேலை. வாக்காளர் அட்டை வந்தபோது பார்த்தால், வாக்களிப்பு நிலையம் எங்கள் கோயில் அன்னதான மடம் என்று இருந்தது. மடம் தெற்கு வீதியில் இருக்கிறது. தார் றோட்டை விட்டு வெள்ளை மணலில் இறங்கி முப்பது நாற்பது அடி நடக்கவேண்டும். “கிட்டத்தானே, கிழடு கட்டையளும் வந்து போடலாம்” என்று எங்களுக்குச் சந்தோசம்.

வாக்களிப்புக்கு மூன்று நாள் இருக்க, என் தகப்பனாரின் சித்தப்பா செத்துப்போனார். தொண்ணூறு கடந்த மனிதர். அவரைக் கதிரையோடு தூக்கிக்கொண்டுபோய் வாக்குப் போடவைக்க ஆள்கூட ஒழுங்கு செய்திருந்தோம்.

பிரேதத்தைச் சுற்றிப் பெண்கள் அழுதுகொண்டிருந்தபோது, பந்தலில் என் பக்கத்துக் கதிரையில் இருந்த மச்சான், அதாவது என் மனைவியின் தம்பி, மெல்லச் சரிந்து காதுக்குள் சொன்னான்: “அத்தான், தொண்ணூறு வருஷம் பொறுத்த மனுசனுக்கு இன்னும் மூண்டு நாள் பொறுக்கேலாமல் போச்சே.”

“விசர்க்கதை கதையாதை, செத்தவீட்டிலை.”

“நான் விசர்க்கதை கதைக்கேல்லை. உங்கடை ஆக்களுக்கெல்லாம் இனித் துடக்கெல்லே? மடம் எங்கை இருக்கு?”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. செத்தவர் தகப்பன் வழி. ஆண்வழி உரித்துக்காரர் அத்தனை பேருக்கும், அவர்களுக்கு வாழ்க்கைப்பட்ட பெண்களுக்கும் முப்பத்தொரு நாள் துடக்கு. ஓர் ஒழுங்கை முழுவதும். நான். என் மனைவி. வேட்பாளர் தனக்குத்தானே வாக்குப்போட முடியாத தேர்தல் எந்த நாட்டில் நடந்தது? என் மச்சானுக்கு மட்டும் ஒன்றுமில்லை. அவன் பெண் கொடுத்த பக்கம், எங்கள் உரித்தில் சேர்த்தியில்லை.

எதிர்த்தரப்பு வேட்பாளர் செத்தவீட்டுக்கு வந்தார். மாலை போட்டார். நன்றாகவே அழுதார். போகும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு, “துடக்குக் காலத்திலை ஆறுதலா வீட்டிலை இருங்கோ” என்றார். துக்கம் விசாரிப்பதும் குத்துவதும் ஒரே கையால்.

அந்த மூன்று நாளும் வீட்டில் ஒரே பேச்சு.

“மடம் கோயிலே இல்லை” என்றாள் மனைவி. “சோறு சமைக்கிற கொட்டில்.”

“மடத்துக்குப் போக வீதியை மிதிக்கவேணுமே.”

“மற்ற நாளிலை உந்த வீதியாலை ஆடுமாடும் போகுது.”

“ஆட்டுக்குத் துடக்கில்லையப்பா.”

“ஓமோம். வீதியும் கோயில்தானே” என்றாள். என்னைப் பார்க்காமலே சொன்னாள். அது எனக்கு எங்கே பட்டதென்று அவளுக்குத் தெரியும்.

ஆனால் அவளுக்கும் ஒரு பயம் இருந்தது. துடக்கோடு கோயில் மணலை மிதித்தவள் என்று வாக்களிப்பு நாள் காலமையே ஒரு கதை கிளம்பினால், மற்றச் சனத்தின் வாக்கும் போய்விடும். போகாவிட்டால் எங்கள் ஒழுங்கை வாக்குப் போகும். இருதலைக் கொள்ளி எறும்பு என்று எத்தனை தரம் மற்றவர்களுக்குச் சொல்லியிருப்பேன். அந்த எறும்பு எந்தப் பக்கம் ஓடும் என்று ஒருநாளும் யோசித்துப் பார்த்ததில்லை.

வாக்களிப்பு நாள் காலை ஏழு மணிக்கு மடத்துக் கதவு திறந்தபோது, நான் தார் றோட்டின் விளிம்பில் பூவரச மரத்துக்குக் கீழே நின்றேன். மனைவியை வீட்டில் இருக்கச் சொல்லியிருந்தேன். கோயில் ஐயரிடம் ஒருக்கால் கேட்டு வருகிறேன் என்று. கொஞ்ச நேரத்தில் பெரியப்பாவின் மகன் அண்ணை வந்தார். பிறகு இன்னுமொருவர். பிறகு சாறத்தை மடித்துக் கட்டிக்கொண்டு நாலைந்து பேர். எட்டு மணிக்கெல்லாம் எங்கள் ஒழுங்கை ஆண்கள் அரைவாசிப் பேர் அந்த மரத்தடியில். எல்லாருடைய சட்டைப் பையிலும் அடையாள அட்டை. எல்லாருடைய காலும் தாரில். மணல் ஓரடிக்கு அப்பால்.

“நீ என்ன சொல்லுறாய்?” என்று அண்ணை என்னைக் கேட்டார்.

“ஐயர் வரட்டும்.”

பூசை முடித்து ஐயர் மோட்டார் சைக்கிளில் வந்தார். எங்களைக் கண்டதும் வேகத்தைக் கூட்டினார். நான் குறுக்கே போய் நின்றேன்.

“ஐயா, மடம் கோயிலோ, இல்லையோ?”

ஐயர் ஒரு காலைத் தாரில் ஊன்றி மற்றக் காலைத் தூக்கியபடி யோசித்தார். “மடம் கோயில் எண்டு நான் சொல்லேல்லை” என்றார்.

“அப்ப போகலாமோ?”

“போகலாம் எண்டும் நான் சொல்லேல்லை.”

“அப்ப என்ன சொல்லுறியள்?”

“எனக்கு ஒரு கலியாணவீடு இருக்கு. நேரம் போச்சுது” என்று சொல்லிவிட்டு ஐயர் போய்விட்டார். அவரைக் குறை சொல்லவும் முடியாது. அந்தப் பக்கச் சனமும் அவருக்கு வேண்டும், இந்தப் பக்கச் சனமும் வேண்டும்.

பத்து மணியளவில் மடத்திலிருந்து தலைமை அலுவலர் வெளியே வந்தார். கொழும்புத்துறைப் பக்கத்து மனிதர், எங்கள் கோயில் கட்டுப்பாடு அவருக்குத் தெரியாது. மரத்தடிக் கூட்டத்தைப் பார்த்துப் பயந்துவிட்டார் போல, ஒரு பொலிஸ்காரரையும் கூட்டிக்கொண்டு வந்தார்.

“ஏன் இதிலை நிக்கிறியள்? வாக்குப் போட்டாச்சோ?”

“இல்லை ஐயா. துடக்கு.”

“துடக்கெண்டால் என்ன? அடையாள அட்டை இருந்தால் காணும். சட்டத்திலை துடக்கைப் பற்றி ஒண்டுமில்லை.”

எங்களில் ஒருவர் துணிந்து கேட்டார்: “ஐயா, பெட்டியைக் கொஞ்சம் இந்தத் தார் ஓரத்துக்குக் கொண்டுவரேலாதோ? நாங்கள் கையை மட்டும் நீட்டிப் போடுறம்.”

“ஐயா, பெட்டியை நகர்த்தினால் எனக்கு மறியல்தான், கம்பி எண்ணவேண்டி வரும்” என்றார் அலுவலர். பிறகு பொலிஸ்காரரிடம் ஏதோ சொல்லிவிட்டு உள்ளே போனார். பொலிஸ்காரர் எங்களுக்கு மூன்றாவது வாசலையும் அடைத்தார்: “இஞ்சை கூட்டமா நிக்கக்கூடாது. உள்ளை போங்கோ. இல்லாட்டி வீட்டை போங்கோ.”

உள்ளே போகவும் முடியவில்லை, வீட்டுக்குப் போகவும் மனமில்லை. பூவரச நிழலைச் சுற்றி இரண்டு மூன்று பேராகப் பிரிந்து நின்றோம். நிழல் நகர நகர நாங்களும் நகர்ந்தோம். பூட்டில்லை, கம்பியில்லை, காவலுக்கும் ஆளில்லை. அந்த மறியலில் இருந்தவர்கள் எல்லாரும் தாங்களாகவே இருந்தார்கள்.

ஏன் ஒருவரும் காலை வைக்கவில்லை என்றால், எல்லாருக்கும் முதற்காலில்தான் பயம். அண்ணைக்கு மகளின் சம்பந்தப் பேச்சு நடந்துகொண்டிருந்தது. “மாப்பிளை பகுதி மேற்கு வீதியிலை இருக்கு. நான் முதல் போனால் அதுதான் பேச்சாயிருக்கும். நீ போ, நான் பின்னாலை வாறன்” என்றார் என்னிடம். மற்றவர்களும் அதையே வேறு வேறு சொல்லில் சொன்னார்கள்.

“அது திருவிழாக் காலத்துக் கதை. இது தேர்தல் காலம்” என்றார் ஒருவர்.

“சாமிக்குக் காலம் இருக்கோ?” என்றார் மற்றவர்.

“சொன்னது நீதானே. நீயே அதை அவிழ்த்துவிடன்” என்றார் அண்ணை.

ஆப்பிழுத்த குரங்கின் கதையில், மரப்பிளவுக்குள் வால் அகப்பட்ட பிறகு அது என்ன நினைத்தது என்று ஒருவரும் சொல்லுவதில்லை. எனக்கு அன்றைக்குத் தெரியும். ஆப்பைப் பிடுங்கியதும் அதே கைதான் என்று நினைத்திருக்கும்.

மத்தியானம் மச்சான் தேத்தண்ணிப் போத்தலோடு வந்தான். இடது சின்னவிரலில் மை நன்றாகக் காய்ந்திருந்தது. அதை நிமிர்த்திக் காட்டிக்கொண்டே ஊற்றினான்.

“அங்காலை எப்படி?” என்றேன்.

“அவை வாகனம் பிடிச்சு இறக்கினம். எங்கடை ஆக்களும் வருகினம். சரிக்குச் சரி போகுது அத்தான். உங்கடை இந்த மரம் மட்டும் வந்தால் காணும்.”

“அக்கா என்ன செய்யிறா?”

“வாசல் முத்தத்தைக் கூட்டுறா. மூண்டாம் தரம்.”

மச்சான் போன பிறகு நான் அந்த ஓட்டோவைக் கவனிக்கத் தொடங்கினேன். எங்கள் ஒழுங்கைத் தம்பி, எங்கள் உரித்தில்லாததால் துடக்கில்லாதவன், காலையிலிருந்து கிழவர் கிழவிகளை ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தான். எந்தப் பக்கத்துக்கு என்றில்லை, நடக்க முடியாத எல்லாரையும். ஒவ்வொரு முறையும் தாரிலிருந்து மணலில் இறங்கி மடத்து வாசல் மட்டும் போய்த் திரும்பினான். ஒவ்வொரு முறையும் என்னைக் கடந்தான். ஒரு வார்த்தை சொல்லவில்லை. சிரிக்கவும் இல்லை. அவன் ஒரு சொல் குத்தியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

மூன்று மணிக்குக் கிட்ட, சவாரி குறைந்து, ஓட்டோவை மரத்துக்கு எதிரே நிறுத்திவிட்டு அவன் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தான். நான் றோட்டைக் கடந்து போனேன். மரத்தடியில் நின்றவர்கள் பேச்சை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

“தம்பி” என்றேன்.

“சொல்லுங்கோ அண்ணை.”

“அண்டைக்குத் தேரன்று நான் உனக்குச் சொன்னது பிழை. வீதி கோயிலில்லை. ஆக்களுக்கு முன்னாலை உன்னை அப்பிடிச் சொல்லியிருக்கக் கூடாது.”

அவன் போத்தலை மூடினான். ஆறுதலாக மூடினான்.

“அண்டைக்கு எனக்குத் தேவையிருந்தது, அப்ப வீதி கோயில். இண்டைக்கு உங்களுக்குத் தேவையிருக்கு, இப்ப வீதி வீதி. அப்பிடியோ அண்ணை?”

மரத்தடியில் நின்றவர்கள் என் வாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“நான் அக்காவுக்குத்தான் போட்டனான்” என்றான். “என்ரை மனுசியைக் கதிரையிலை தூக்கேக்கை ஒரு கால் பிடிச்சது அக்கா. அதுக்குப் போட்டனான். ஆனால் நீங்கள் இப்ப சொல்லுறதை இண்டைக்குச் சொல்லாதேங்கோ. நாளைக்கு வந்து சொல்லுங்கோ. நாளைக்குச் சொன்னால் நம்புவன்.”

நான் மரத்தடிக்குத் திரும்பி வந்தேன். “என்னவாம்?” என்றார் அண்ணை. “ஒண்டுமில்லை” என்றேன். இப்போது முந்தியதைவிடக் கட்டு இறுகிவிட்டது. மணலில் காலை வைத்தால், தேவைக்கேற்ப வழக்கை மாற்றுகிறவன் என்று அந்தத் தம்பி சொன்னது உண்மையாகிவிடும். வைக்காவிட்டால் மனைவி தோற்பாள். அவன் எதிரேதான் இருந்தான். ஓட்டோவின் கண்ணாடிக்குள்ளால் என் காலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான் என்று எனக்குத் தோன்றியது. ஒருவேளை அவன் பார்க்கவேயில்லை.

மூன்றரை மணிக்கு என் மனைவி வந்தாள். தலை முழுகி, ஈரம் காயாத முடியை முடிந்து, கையில் அடையாள அட்டையோடு. அவளுக்குப் பின்னால் எங்கள் ஒழுங்கைக்கு வாழ்க்கைப்பட்டு வந்த பெண்கள், பத்துப் பன்னிரண்டு பேர். அண்ணையின் மனைவியும் அதில் இருந்தாள். அண்ணை மெல்ல மரத்துக்குப் பின்னால் நகர்ந்தார்.

நான் இரண்டடி முன்னால் போனேன். “இஞ்சரப்பா, என்ன இது? சனம் கதைக்குமெண்டு நீதானே பயந்தாய்?”

“கதைக்கிற சனம் எல்லாம் போட்டு முடிஞ்சுது” என்றாள். “இனி ஆர் கோவிச்சாலும் பெட்டிக்குள்ளை விழுந்தது விழுந்ததுதான். அதுக்குத்தான் இவ்வளவு நேரமும் முத்தத்தைக் கூட்டினனான்.”

மரத்தடியில் யாரோ சிரித்தார்கள். அவள் தார் விளிம்பில் செருப்பைக் கழற்றினாள். கோயிலுக்குப் போகும்போது கழற்றுவதுபோலவே கழற்றி, ஓரமாக வைத்தாள். பிறகு மணலில் இறங்கினாள். மற்றப் பெண்களும் செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கினார்கள். வானம் இடிந்து விழவில்லை.

பாதி தூரம் போய்த் திரும்பிப் பார்த்தாள். “வாங்கோ” என்றாள்.

அந்தச் சத்தம் இப்போதும் கேட்கிறது. அதட்டலும் இல்லை, கெஞ்சலும் இல்லை. மரத்தடியில் நின்ற ஆண்கள் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் அசைந்தால் அவர்களும் அசைவார்கள். நான் எதிரே நின்ற ஓட்டோவைப் பார்த்தேன். என் கால் தாரில் ஒட்டிக்கொண்டதுபோல நின்றது. அன்றைக்கு நல்ல வெயில், தார் இளகித்தான் இருந்தது. ஆனால் ஒட்டியது தாரில் இல்லை.

அவள் இன்னும் கொஞ்சம் நின்றாள். பிறகு திரும்பி நடந்தாள்.

பெண்கள் வாக்குப் போட்டுவிட்டு விரலை ஊதிக்கொண்டு வந்தார்கள். செருப்பைப் போட்டுக்கொண்டு போனார்கள். நாலு மணிக்கு மடத்துக் கதவு மூடப்பட்டது. மரத்தடியில் ஒருவர் தன் அடையாள அட்டையை எடுத்துப் பார்த்தார், அதில் இருப்பது தானோ என்று சரிபார்ப்பதுபோல. பிறகு எல்லாரும் கலைந்தோம்.

மைமல் பொழுதும் இருட்டிய பிறகு எண்ணி முடித்துச் சொன்னார்கள். அவள் தோற்றுவிட்டாள். எவ்வளவால் என்று எழுத எனக்குக் கை வரவில்லை. அந்த மரத்துக்குக் கீழே நின்ற ஆண்களின் தொகையைவிடக் குறைவு. அவ்வளவு காணும்.

வீட்டுக்கு வந்து அவள் அழவில்லை. எனக்குச் சோறு போட்டாள். கறி நன்றாக இருந்தது. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. ஏசியிருந்தால் ஏதாவது ஒரு பழமொழியைப் பிடித்துக்கொண்டு கரையேறியிருப்பேன். பிந்தி ஒரே ஒரு கேள்வி கேட்டாள்: “அந்தப் பெடியன் உங்களுக்கு என்ன சொன்னவன்?” நான் உள்ளதை உள்ளபடி சொன்னேன். அவள் கேட்டுவிட்டுப் படுத்துவிட்டாள்.

காலமை தோட்டத்துக்குத் தண்ணீர் கட்டப் போவதற்காக மண்வெட்டியை எடுத்தேன். அவள் வாசலில் நின்றாள்.

“எங்கை போறியள்?”

“தோட்டத்துக்கு.”

“அவன் நாளைக்கெண்டெல்லே சொன்னவன். இண்டைக்குத்தான் அந்த நாளைக்கு. மண்வெட்டியை வைச்சிட்டுப் போங்கோ.”

எங்கள் படலையிலிருந்து அவன் படலைக்கு ஒரு பீடி குடிக்கிற தூரம்கூட இல்லை. அவ்வளவு தூரத்தில் மூன்று தரம் திரும்பிப் போக நினைத்தேன். தேர்தல் முடிந்துவிட்டது. இனி அவனிடம் சொல்லி எனக்கு ஒன்றும் வரப்போவதில்லை. அதனால்தான் சொல்லக் கஷ்டமாக இருந்தது. நேற்று நான் சொன்னபோது நாக்கு எவ்வளவு வழுக்கிக்கொண்டு வந்தது என்று அப்போதுதான் யோசித்தேன்.

அவன் முற்றத்தில் ஓட்டோவைக் கழுவிக்கொண்டிருந்தான். அவனுடைய மகள், தேரன்று துடக்குக் கொண்டுவந்த அதே குழந்தை, இப்போது இரண்டு வயது, பைப் தண்ணீரில் நின்று குதித்தது. நான் படலைக்கு வெளியே நின்றேன்.

“தம்பி, வந்திருக்கிறன்.”

அவன் பைப்பை மூடினான்.

“அண்டைக்கு நான் சொன்னது பிழை” என்றேன். “சனம் சிரிக்கவேணுமெண்டுதான் சொன்னனான். உன்ரை தம்ளர் ஒண்டு என்ரை காலடியிலை வந்து நிண்டது. அதைக்கூட நான் எடுத்துத் தரேல்லை.”

தம்ளரைப் பற்றி நான் சொல்லுவேன் என்று அவன் எதிர்பார்க்கவில்லைப் போலும். உள்ளே திரும்பி, “இஞ்சரப்பா, ஒரு தேத்தண்ணி” என்றான். பிறகு என்னைப் பார்த்து, “ஏன் அண்ணை ஒழுங்கையிலை நிக்கிறியள்?” என்றான்.

“எனக்குத் துடக்கெல்லே தம்பி. இன்னும் இருபத்தேழு நாள் கிடக்கு.”

அவன் வந்து படலையைத் திறந்துவிட்டான். முகத்தில் சிரிப்பு இல்லை, ஆனால் வாயோரத்தில் ஒன்று துடித்தது.

“இது வீடண்ணை, கோயிலில்லை. உள்ளை வாங்கோ.”